பெரிய நட்சத்திரங்கள் ஏன் சீக்கிரம் அழிகின்றன?

நட்சத்திரத்தின் ஆயுள் என்பது அதன் மையத்தில் அணுக்கள் இணைந்து ஆற்றல் தரும் காலம். எடை கூடக்கூட மையம் நசுங்கிச் சூடேறும், ஹைட்ரஜன் மளமளவெனத் தீரும். டேங்க் பெரிதாக இருந்தும் மைலேஜ் இல்லாத லாரி மாதிரிதான்.

ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் தோளில் சிவப்பாகத் தெரியுமே, திருவாதிரை! சூரியனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எடை. பிறந்து சுமார் 1 கோடி ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் முதுமை. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும், அவ்வளவு வீக்கம்! சூரியனுக்கோ மொத்த ஆயுள் 1,000 கோடி ஆண்டு. சூரியனின் எடையில் எட்டில் ஒரு பங்கே உள்ள ப்ராக்ஸிமா சென்டாரி என்ற குட்டி நட்சத்திரம், லட்சம் கோடி ஆண்டுகள் தாண்டியும் எரியும்.

2019 இறுதியில் திருவாதிரை மங்கியதும் ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அது கக்கிய தூசிதான் அதன் ஒளியை மறைத்தது.