பறிமுதலான மிக்சரும் வராத பாக்கியும்

கேள்வி: நான் சவுண்ட் ஆபரேட்டர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் என் சொந்தப் பொருள். திறந்தவெளி இசை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். "போலீஸ் பர்மிஷன் வாங்கியாச்சு" என்றார் ஏற்பாட்டாளர். இரவு 10 மணிக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு பாட்டு" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டார். போலீஸ் வந்து மிக்சரை எடுத்துக்கொண்டு போய்விட்டது, என்மேலும் வழக்கு. பாக்கிப் பணத்தையும் தர மறுக்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. என்ன செய்வது?

பதில்: முதலில் மிக்சரை மீட்போம், பணம் அப்புறம். மிக்சர் இல்லாமல் போகும் ஒவ்வொரு வாரமும் உங்கள் பிழைப்பு நிற்கிறது.

முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பொருளைப் பறிமுதல் செய்தால் போலீஸ் அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அந்த நடுவரிடமே பொருளைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். பொருள் நீதிமன்றத்துக்கு வந்திருந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு, வராவிட்டால் 503-வது பிரிவு. மிக்சர் வாங்கிய பில், சீரியல் எண் தெரியும் புகைப்படம் இரண்டையும் மனுவோடு இணையுங்கள். பில் தொலைந்திருந்தால் விற்ற கடையில் நகல் கேளுங்கள். பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு திருப்பித் தருவது வழக்கம். பறிமுதலான பொருட்களை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. மனுவில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

வழக்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு இதை ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அன்று அப்படி அறிவிப்பு இருந்ததா என்று பாருங்கள். 2024 ஏப்ரல் முதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளை மீறினால் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் போட வழி இருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கை உங்களுடையது என்பதால் "அவர் சொன்னார், செய்தேன்" என்பது மட்டும் உங்களை முழுசாகக் காப்பாற்றாது. ஆனால் பொறுப்பில் பெரும்பங்கு யாருடையது என்பதை "இன்னும் ரெண்டு பாட்டு" செய்தி காட்டிவிடும். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றாகக் காட்ட, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

இனி பாக்கி. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். தேதி, வேலை, தொகை மூன்றும் வாட்ஸ்அப்பில் இருந்தால் போதிய அடிப்படை. 10 மணிக்குப் பிறகான நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்காதீர்கள், அது சட்டம் தடுத்த வேலை. அதற்கு முந்தைய வேலைக்கான கூலியை அவர் தந்தே ஆக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தராவிட்டால், பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்கு போடலாம். இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) செய்திருந்தீர்களா? அப்படியானால் குறுந்தொழில் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும், உங்கள் மாநிலத்தின் வசதியாக்கக் கவுன்சிலுக்கும் போகலாம். அங்கே தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு.

அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதிக் கடிதத்தின் நகல் கைக்கு வரும்வரை ஒயர் இழுக்காதீர்கள்.