வட்டிக் கடனிலிருந்து விடுபட வீட்டைச் சின்னதாக்குவது என்றால் என்ன?

கடனில் கட்டிய பெரிய வீட்டை விற்று, வங்கிக் கடனை ஒரேயடியாக அடைத்து, மீதிப் பணத்துக்குள் அடங்கும் சின்ன வீட்டுக்குப் போவது. அவ்வளவுதான்.

காரணம் இஸ்லாம் தடுத்த ரிபா, அதாவது வட்டி. குர்ஆன் 2:275 வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம் என்கிறது ஹதீஸ், அதாவது நபிமொழி.

20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 18,000. முதல் மாதம் அதில் 15,000 வட்டிக்கே போகும். அசலில் குறைவது சுமார் 3,000தான். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற கதைதான்: கை ஓயாது, தண்ணீரும் வற்றாது. விற்பது ஓட்டையையே அடைப்பது.

கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் விற்பது லேசான பேச்சில்லை. மாடி வீட்டிலிருந்து இரண்டு அறைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம்தான், என்னைக் கேட்டால், பணத்தைவிடப் பெரிய தடை.

அப்புறம், பத்திரம் வங்கியில் இருக்கும். வாங்குபவரின் பணத்தில் முதலில் கடனை முடித்து அதை மீட்க வேண்டும். மாறும் வட்டிக் கடனாக இருந்தால், தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

கடனே ஹராம், அதாவது மார்க்கத்தில் தடை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் 2:282தான் குர்ஆனின் மிக நீளமான வசனம். தடை வட்டிக்குத்தான்.