மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று வாரமா?

கேள்வி: என் மகள் பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடி வீடியோவாகப் போடுகிறாள். மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று வாரம் ஆகிறது. ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு, எங்களையும் ஃபேனை அணைக்கச் சொல்கிறாள். காசும் வருவதாகத் தெரியவில்லை. யாரோ போட்ட மெட்டை, யாரோ எழுதிய வரியைத் திருப்பிப் பாடுவதில் அப்படி என்ன வேலை இருக்கிறது?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: கதவுக்கு வெளியே நின்று கேட்கிறீர்கள் ஐயா. ஒரு நாள் உள்ளே போய் உட்காருங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், என் அண்ணன் மகள் வீட்டில்.

குரல் சுவரில் மோதித் திரும்பாமல் இருக்க மெத்தையை நிமிர்த்தி வைத்திருந்தாள். ஜன்னல் இடுக்கில் பழைய துணி. மே மாதம், ஃபேன் கிடையாது. ஒரே ஒரு வரி, அதில் ஒரு சங்கதி, அதாவது மெட்டில் வரும் ஒரு நெளிவு. பதினேழாவது முறை பாடி முடித்ததும் “நல்லாத்தானே இருக்கு” என்றேன். ஒன்றும் பேசாமல் ஹெட்ஃபோனை எடுத்து என் காதில் மாட்டினாள். கடைசி எழுத்தில் ‘ழ’ வழுக்கி ‘ல’ ஆகியிருந்தது. அதற்குப் பின்னால் எங்கோ தெருமுனையில் ஒரு பைக். சரி என்று மறுபடி ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் பாடுவது பாதி வேலைகூட இல்லை. அவளுக்கு வாகான சுருதி ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). எடுத்துக்கொண்ட பாட்டோ ஆண் குரலுக்கு ஒரு கட்டையில் போட்டது. கிடைக்கிற கரோக்கியை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையை, அவ்வளவு தூரம் ஏற்றினால் தபலா தகர டப்பாவைத் தட்டினாற்போல் கேட்கும். இறக்கினால் எல்லாமே மந்தமாகிவிடும். ஆகவே பின்னணி இசை முழுவதையும் புதிதாக வாசிக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கு நடுவே வரும் இண்டர்லூடில் வயலின்கள் என்ன வாசிக்கின்றன என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. இடது காதுக்கு வருவதைத் தனியாக, வலது காதுக்கு வருவதைத் தனியாகக் கேட்டு, கீபோர்டு வாசிக்கும் பையன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடுத்தான். நாம் காபி குடித்துக்கொண்டே கடந்துபோகிற 20 விநாடி அது. தபலா வாசித்தவர் வேறு ஊர். தாளத்தைக் காட்டும் கிளிக் சத்தத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, பாடுகிறவள் முகத்தைப் பார்க்காமலே வாசித்து அனுப்பினார். கச்சேரியில் ஒரு தலையசைப்பில் முடிகிற விஷயத்துக்கு இவர்களுக்கு ஆறு வாய்ஸ் மெசேஜ் தேவைப்பட்டது.

அப்புறம் மிக்ஸிங், குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது. செல்போன் ஸ்பீக்கரில் கனத்த ஒலி வராது. மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார் எல்லாம் காணாமல் போய்விடும். நம்மில் பலர் கேட்பதோ அந்த ஸ்பீக்கரில்தான். அதனால் மிக்ஸ் செய்கிறவர் ஹெட்ஃபோனில் ஒரு முறை, காரில் ஒரு முறை, போனில் ஒரு முறை கேட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

படப்பிடிப்பு அதற்குப் பிறகுதான். வீடியோவில் அவள் பாடுவதாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் முன்பே பதிவான தன் குரலுக்கு வாயசைப்பது. மொட்டை மாடியில் காலை ஆறு மணி வெளிச்சத்துக்காக நாலரைக்கு எழுந்து புடவை கட்டியிருந்தாள். அண்ணி போனைப் பிடித்தார். செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப விநாடிக்கு எடுக்கும் படங்களைக் கூட்டிக் குறைக்கும். பல்லவியில் சரியாக இருந்த உதடு இரண்டாவது சரணத்தில் குரலை விட்டு விலகிவிட்டது. அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

காசு விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் ஏற்றியதும் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு மெட்டைக் கண்டுபிடித்துவிடலாம். உரிமைதாரர் வீடியோவுக்கு வரும் வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், வீடியோவையே தடுக்கவும் செய்யலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆன பிறகே, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து, கவர் (பிறர் பாட்டை மறுபடி பாடுவது) பதிவு செய்ய அனுமதிக்கிறது. அதுவும் ஒலிப்பதிவுக்கானது, வீடியோவுக்கு அது மட்டும் போதாது. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும். நீங்கள் ‘யாரோ’ என்கிறீர்களே, அவர்கள் யாரோ இல்லை. உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்கும். மூன்று வாரம் அவர்களோடுதானே உட்கார்ந்திருக்கிறாள்.

என் வருத்தம் வேறு. பல கவர் வீடியோக்களில் பாடுகிறவர் பெயர் பெரிதாக இருக்கிறது. இசையமைத்தவரும் பாடலாசிரியரும் கீழே எங்கோ இருக்கிறார்கள், சிலதில் அதுவும் இல்லை. தபலா வாசித்தவர், மிக்ஸ் செய்தவர் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. அடுத்த கச்சேரிக்கோ ரெக்கார்டிங்குக்கோ அந்த தபலாக்காரரை ஒருவர் கூப்பிட வேண்டுமானால் அந்தப் பெயர் ஒன்றுதான் வழி. கேட்பதானால் மகளிடம் இதைக் கேளுங்கள்: எல்லார் பெயரையும் போட்டாயா?

இன்னொன்று. ஃபேனை மட்டும் அணைத்தால் போதாது ஐயா. பக்கத்து அறை ஃபிரிட்ஜின் உறுமலும் மைக்கில் விழும். அடுத்த முறை அவள் கதவைச் சாத்தும்போது அதையும் ஒரு அரை மணி நேரம் அணைத்து வையுங்கள்.