பழைய கணினியில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. ஃபார்மட் செய்யாமல் சரிசெய்ய வழி உண்டா?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்டேட் சில நாள் இறங்காமலே நிற்கிறது. இறங்கினாலும் ரீஸ்டார்ட் ஆகும்போது ஏதோ ஒரு சதவீதத்தில் மணிக்கணக்காக அசைவதில்லை. கடைக்காரர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். உள்ளே டேலி கணக்குகள் இருப்பதால் தயங்குகிறீர்கள்.

தயங்கியது சரிதான். ராமேசுவரம் தீவிலும் மண்டபம், கீழக்கரைப் பக்கமும் இந்த வயதுடைய கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். அப்டேட் நின்றுவிட்டது என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றில் கோளாறு விண்டோஸில் இருப்பதில்லை. ஒன்று இணைப்பில் இருக்கும், அல்லது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். ஃபார்மட் அடிப்பதால் இவ்விரண்டில் எதுவும் மாறப்போவதில்லை. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே தேய்ந்த டிஸ்க்கில்தான் உட்காரும். உட்கார்ந்ததும் அது செய்யும் முதல் வேலை, இதுவரை வந்த அப்டேட்களை மறுபடி இறக்கத் தொடங்குவதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் டேலியின் டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, அப்டேட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பதிவிறக்கத்தில் நிற்பது, செட்டிங்ஸ் திரையில் இன்ஸ்டால் ஆகும்போது நிற்பது, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சதவீதம் காட்டும் நீலத்திரையில் நிற்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை எல்லாம் வரிசையாக அடித்துப் பார்ப்பது வீண் வேலை.

பதிவிறக்கத்தில் நிற்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது, இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பது. நம் கரையோர ஊர்களில் பாதிப் பேர் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் கணினியை ஓட்டுகிறார்கள். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி தரும் திட்டங்களில் அந்த அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் நொடிக்கு 8 கிலோபைட்தான் இறங்கும். 1 ஜிபி இறங்க ஏறக்குறைய 35 மணி நேரம் ஆகும். திரையில் கோடு அசையாமல் நிற்பதுபோல் தோன்றினாலும் அப்டேட் நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டிருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் புதிய நாளின் டேட்டா வந்ததும் இணைப்பைக் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கும், முதலிலிருந்து தொடங்காது. வைஃபையின் பண்புகளில் மீட்டர்ட் கனெக்ஷன் என்ற டேட்டா சிக்கன அமைப்பு ஆன் ஆகியிருந்தால் பல அப்டேட்கள் தாமாக இறங்கா, அதையும் பார்த்துவிடுங்கள். டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில், இணையத்தில் உள்ள பிற கணினிகளோடு பகிர்வதை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே ஒல்லியான லைனில், உங்கள் கணினி ஊருக்கெல்லாம் அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இணைப்பு நன்றாக இருந்தும் இறங்கவில்லை என்றால் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்தாண்டு கடந்த மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், கணினி இணைப்பை மறுத்துவிடும். 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் இதுதான். அந்த பேட்டரி கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இதற்காக ஃபார்மட் அடித்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்ஸ்டால் ஆகும்போது நிற்பதுதான் உங்கள் கணினி விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியின் பில் போடும் கணினியில் நான் கண்டதைச் சொல்கிறேன்: டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் சேர்ந்து நொடிக்கு 1 எம்பியைத் தொடவில்லை, சராசரிப் பதில் நேரம் 3,000 மில்லி செகண்டுக்கு மேல் ஓடுகிறது. நல்ல நிலையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் அந்த எண் சில பத்துகளில் இருக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது அந்த டிஸ்க் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரியில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் இருந்தது. அதாவது, டிஸ்க்கின் சில பகுதிகளைப் படிக்க முடியாமல் அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. அப்டேட்டோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்து, ஒப்பிட்டு, மாற்றி எழுதும் வேலை. சுழலும் டிஸ்க்கின் ஊசி இங்குமங்கும் தாவித்தான் இதைச் செய்தாக வேண்டும். ஆரோக்கியமான டிஸ்க்கிலேயே நொடிக்கு நூறு தாவல் அளவில்தான் அது முடியும். 4 ஜிபி ராமில் இடம் போதாமல் விண்டோஸ் தன் நினைவகத்தின் ஒரு பகுதியையும் அதே டிஸ்க்கில் எழுதிப் படித்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பும் பொடிமணலும் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். கடலை ஒட்டிய கடைகளில் சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றினால் திருகுகள் துருப்பிடித்திருக்கும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் பித்தளைக் குடத்தில் பிடிப்பதுபோன்ற பச்சை படிந்திருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தும் இந்த இணைப்பு கெட்டுப்போனால் தரவு பிழையாகப் போய்ப் போய் மறுபடி அனுப்பப்படும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிய சாட்டா கேபிளின் விலை மிகச் சொற்பம். ராமை கழற்றி, அதன் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பொருத்துவதையும் அப்போதே செய்துவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நிற்பதைப் பற்றி: திரையில் காட்டும் சதவீதம் நேரக் கணக்கு அல்ல. ஒரு பெரிய பதிப்பு மாற்றம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று, நான்கு மணி நேரம் எடுப்பது வழக்கமான செய்தி. அதில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பதும் உண்டு. "அண்ணே, மத்தியானத்துலருந்து அப்படியே நிக்குது, ஆஃப் பண்ணிரவா?" என்று தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சிபியூவின் முகப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டுகிறதா? ஒழுங்கின்றி விட்டுவிட்டு எரிந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். பல மணி நேரம் அது துளியும் சிமிட்டாமல் இருந்தால் மட்டுமே பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டதும் விண்டோஸ் பெரும்பாலும் செய்த மாற்றங்களைத் தானாகவே பின்வாங்கிக்கொள்ளும். அதற்கும் நேரம் எடுக்கும், அப்போதும் அணைக்கக் கூடாது. வீட்டில் வைக்கும் சிறிய யுபிஎஸ் டெஸ்க்டாப்பை சில நிமிடங்கள்தான் தாங்கும். ஆகவே, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விசைப்படகு வைத்திருப்பவர்களிடம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கணினியைக் கொண்டுவரச் சொல்கிறேன். பில் போடும் அவசரம் அப்போது இருக்காது.

சிறிய செய்தி ஒன்று: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அதன் உட்பகுதி உறைநிலையில் சேமிக்கப்படுகிறது. காத்திருக்கும் அப்டேட் முடிய ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் நின்றால்தான் விண்டோஸின் பக்கம் போக வேண்டும். முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்கு 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது, 0எக்ஸ்80070070 என்ற எண் வந்தால் இடப் பற்றாக்குறை என்றே பொருள். அடுத்து, சர்வீசஸ் சாளரத்தில் விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் ஆகிய இரு சேவைகளையும் நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பாதியில் கெட்டுப்போன பதிவிறக்கங்கள் அதில்தான் கிடக்கும். சேவைகளை மறுபடி தொடங்கியதும் விண்டோஸ் புதிய ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் கோப்புகள் எதுவும் அதில் இல்லை. அதன் பிறகு நிர்வாகி அனுமதியுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் கருவியின் ரீஸ்டோர் ஹெல்த், எஸ்எஃப்சி கருவியின் ஸ்கேன் நவ் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே ஓட்டுங்கள். முதலாவது, பழுது பார்க்கப் பயன்படும் மூலக் கோப்புகளைச் சரிசெய்கிறது, இரண்டாவது அவற்றைக் கொண்டு மற்றவற்றைச் சரிசெய்கிறது. டிஸ்க் பழுதான கணினியில் மட்டும் இவற்றை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மேலும் துரத்துவதாகிவிடும்.

2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட் 0எக்ஸ்80070643 என்ற எண்ணுடன் எத்தனையோ கணினிகளில் தோற்றது. அதற்குக் காரணம், விண்டோஸை மீட்டெடுக்க டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் ரெகவரி பார்ட்டிஷனில் அதற்குத் தேவையான 250 எம்பி காலி இடம் இல்லாததுதான். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைச் சுற்றிக்கொண்டு போகும் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் அது. பிட்லாக்கர் போடாத வீட்டு டெஸ்க்டாப்பில் அது ஏறாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மேலே சொன்ன எதற்கும் மசியவில்லை என்றால், நல்ல இணைப்புள்ள வேறொரு கணினியில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 10-ஐ 8 ஜிபி பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து, உங்கள் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள செட்டப்பைத் திறந்து, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுங்கள். டேலியும் உங்கள் கோப்புகளும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் மேலே புதிதாக அமரும். ஃபார்மட் என்ற சொல்லுக்குப் பதில் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

பணம் செலவழிப்பதானால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். பழைய டிஸ்க்கில் எச்சரிக்கை ஏதும் இல்லை என்றால் குளோன் செய்து, அதாவது அதை அப்படியே நகலெடுத்து, மாற்றலாம். எச்சரிக்கை இருந்தால் முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு எஸ்எஸ்டியில் புதிதாகப் போடுங்கள். ராமை 8 ஜிபி ஆக்குவது அதற்கு அடுத்தபடிதான்.

எத்தனை காலத்துக்கு இதெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை. அதில் சேர விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தாக வேண்டும், ஆகவே பழைய பதிப்பிலேயே நின்றுபோன கணினிக்கு முதல் வேலை அந்தப் பதிப்புக்கு ஏறுவது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரையும் கேட்பதால் 2014-ஆம் ஆண்டுக் கணினிக்கு முறையான வழியில் ஏறாது. தடையைத் தாண்டும் வித்தைகள் உண்டு. கணக்கும் ஜிஎஸ்டியும் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கணினியைப் பொறுத்தவரை, எஸ்எஸ்டி போட்டு 22எச்2-க்கு ஏற்றி நீட்டிப்பில் சேர்த்துவிடுங்கள். அந்தக் காலம் முடிந்ததும் வங்கி வேலையை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, இதை இணையத்திலிருந்து துண்டித்து டேலிக்கும் பிரின்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த கணினி வாங்கும்போது இதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் இரண்டாவது டிஸ்க்காகப் போட்டுக்கொள்ள முடியும்.