பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருந்தால் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு நான்கு வயதில் ஒரு மகள், ஒன்றரை வயதில் ஒரு மகன். எங்கள் பகுதியில் இருக்கும் ஒரே காலி மைதானத்தின் பாதியை வண்டி நிறுத்துமிடமாக்கி, அதை ஒட்டிய தெருவையும் அகலப்படுத்தப் போகிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களை இரவு எட்டு மணிக்கு வைக்கிறார்கள். அது சின்னவனைத் தூங்கவைக்கும் நேரம். கணவர் போய் வருகிறார். குழந்தைகளைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை என்று வந்து சொல்கிறார். கல்யாணத்துக்கு முன் இப்படிப்பட்ட வேலைகளில் முன்னால் நின்றவள் நான். இப்போது போனால் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தோமே என்ற உறுத்தல், போகாவிட்டால் மைதானம் கைவிட்டுப் போகிறதே என்ற உறுத்தல். இவர்கள் கொஞ்சம் வளர்ந்தபிறகு இறங்கினால் போதாதா? அல்லது உள்ளேயே விளையாட இடமுள்ள, மதில் கட்டிய குடியிருப்பு எதற்காவது மாறிவிடலாமா? நகரத் திட்டமிடல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொதுவேலைக்கு நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ம.

அன்புள்ள ம.,

கூட்டங்களில் ஏன் எப்போதும் அதே ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொஞ்ச நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வீடு மாறுவது உங்கள் குடும்பம் பேசி முடிவெடுக்க வேண்டியது. மதிலுக்கு வெளியேதான் பள்ளியும் மருத்துவரும் இருப்பார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நேரத்தைப் பிரிக்க அட்டவணை கேட்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை எந்த அட்டவணைக்கும் அடங்காது, விடுங்கள்.

கணவர் விஷயத்தை அப்படி விடமுடியாது. யாரும் பேசவில்லை என்று வந்து சொல்கிறவர் அங்கேதானே உட்கார்ந்திருந்தார்? அவருக்கும் அதே இரண்டு பிள்ளைகள்தானே? அடுத்த கூட்டத்தன்று அவர் வீட்டில் இருந்து சின்னவனைத் தட்டித் தூங்கவைக்கட்டும். அழுவான். ஒருநாள் அழுதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் போங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வரவழைத்த வரி, நகரத் திட்டமிடல் பற்றி ஒன்றும் தெரியாது என்பது. எந்த இடத்தில் நடைபாதை திடீரென்று முடிந்து ஸ்ட்ரோலரைத் தூக்கிச் சாலையில் வைக்க வேண்டியிருக்கிறது? எந்த வாசலிலிருந்து வண்டி பின்பக்கமாக வெளியே வரும்? எந்தத் திருப்பத்தில் உங்கள் மகள் கையை உதறிவிட்டு ஓடுவாள்? மைதானத்தில் மாலையில் நிழல் எந்தப் பக்கம் விழும், குழந்தைக்கு அவசரமாக வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்? இத்தனையும் உங்களுக்குத் தெரியும். வரைபடம் போட்ட பொறியாளருக்குத் தெரியாது. தெரியாததற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் அந்தத் தெருவில் குழந்தையின் நடைக்கு நடந்ததில்லை.

இந்த அறிவுக்கு ஆயுள் மிகக் குறைவு. பத்து வயதுப் பிள்ளையின் தாயிடம் போய், ஸ்ட்ரோலர் எந்தப் படியில் இடித்தது என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார். பதினைந்து வயதுப் பிள்ளையின் தாய் சிரிப்பார். பிள்ளை வளரும் வேகத்துக்கு நம் உடம்பும் கண்ணும் அதை விட்டுவிடுகின்றன. ஆகவே, வளர்ந்தபிறகு கூட்டத்துக்கு வரும் உங்களுக்கு நேரம் இருக்கும், சொல்வதற்கு இது இருக்காது. இரவு எட்டு மணிக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படி மறந்துபோன பெற்றோர்கள்தான். நல்லவர்கள், அக்கறை உள்ளவர்கள். வண்டி நிறுத்த இடமில்லாதது அவர்களுக்கு இன்று காலையும் நடந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தது எப்போதோ நடந்தது.

நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கம் என்றொரு பூங்கா உண்டு. அதன் நடுவே வண்டிச் சாலை கொண்டுபோக வேண்டும் என்று நகரத்தின் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் திட்டம் போட்டார். அந்த நகரத்தில் அவர் நினைத்த பாலமும் நெடுஞ்சாலையும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. 1952-ல் எதிர்த்துக் கிளம்பியவர் ஷெர்லி ஹேய்ஸ், நான்கு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருகிற மற்றத் தாய்மார்களிடம் பேசினார், கையெழுத்து வாங்கினார், விடாமல் மனு எழுதினார். பிறகு, நகரங்களைப் பற்றி எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸ் சேர்ந்துகொண்டார். அவரும் சின்னப் பிள்ளைகளின் தாய்தான். இதை எதிர்ப்பவர்கள் யாருமில்லை, ஒரு தாய்மார் கூட்டத்தைத் தவிர என்று மோசஸ் கத்தியதாக ஜேக்கப்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1958-ல் சோதனை முறையில் பூங்காவுக்குள் வண்டிகள் வராமல் தடுத்தார்கள், 1959-ல் அது நிரந்தரமானது. 1958-ல் நடந்த விழாவில் வழக்கம்போல ரிப்பனை வெட்டவில்லை, வழியை அடைத்துக் கட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ஜேக்கப்ஸின் சின்ன மகளும் இருந்தாள்.

கணக்குப் பாருங்கள். 1952-க்கும் 1959-க்கும் நடுவே ஏழு வருடம். தொடக்கத்தில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு முடிவில் பன்னிரண்டு. ஒரு திட்டம் போட்டு, மறுத்து, திருத்தி, முடிக்கிற காலம் பெரும்பாலும் ஒரு குழந்தைப் பருவத்தைவிட நீளம். நீங்கள் இன்று கேட்பது உங்கள் மகளுக்குக் கிடைக்காமல் போகலாம். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தாய் கேட்டிருந்தால் இன்று உங்கள் பிள்ளைகள் வண்டிப்பயம் இல்லாமல் அந்தத் தெருவைக் கடந்திருப்பார்கள். அவரும் உங்களைப்போலவே, வளரட்டும் என்று காத்திருந்திருப்பார்.

எல்லாமே ஏழு வருடம் இழுக்கும் என்றும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1947-ல் ஒரு சின்னச் சதுக்கத்தில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் ஒரு மணல்தொட்டியும் குழந்தைகள் தொங்கி விளையாடச் சில கம்பிகளும் அமைத்தார். அதைப் பார்த்த மற்றப் பகுதிக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். வீடு இடிந்து கிடந்த காலிமனை, தெருமுனை, எங்கே துண்டு இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் செய்துகொடுத்தார்கள். 1978-க்குள் எழுநூறுக்கு மேல் ஆயின. பலவற்றுக்கு வேலிகூடக் கிடையாது. தெருவோடு தெருவாக இருந்தன.

என் அம்மா பேச்சில் கெட்டிக்காரி இல்லை. எங்கள் பள்ளி வழியில் ஒரு வளைவில் வேலிச்செடி அடர்ந்திருந்தது. வளைவில் வருகிற வண்டிக்குப் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார்கள். மூன்று வயது நிறையாத என் தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். பிள்ளைகளை ஏன் இங்கே கூட்டிவந்தீர்கள் என்று ஒருவர் முகம் சுளித்தார். அம்மா பதில் சொல்லவில்லை. தம்பியைக் கொண்டுபோய் அவர்களுடைய மேசைக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு, "இப்போது இவன் தெரிகிறானா?" என்று மட்டும் கேட்டார். தம்பியின் உச்சிமுடிதான் மேசைக்கு மேல் தெரிந்தது. செடியை வெட்டச்சொல்லி அன்றே எழுதிக்கொடுத்தார்கள்.

சின்னக் குழந்தைகளுக்காக வேலை செய்யும் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை நகரங்களை நோக்கி இதே கேள்வியை வைத்திருக்கிறது: 95 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து உங்கள் நகரம் எப்படித் தெரிகிறது? அது மூன்று வயதுக் குழந்தையின் உயரம். அந்த உயரத்தில் நிறுத்தி வைத்த கார் ஒரு சுவர். புகைக்குழாய் முகத்துக்குப் பக்கத்தில். தெருவை அகலப்படுத்தினால் வண்டி வேகமாக வரும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். வரைபடத்தில் இது எதுவும் தெரியாது.

ஆகவே மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சத்தம் போட்டால் போடட்டும். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். குழந்தைகளுக்கான ஓர் இடத்தைப் பற்றிப் பேசும் அறையில் ஒரு குழந்தை இருப்பதைத் தாங்கமுடியாதவர்கள் அந்த முடிவை எடுக்கத் தகுதியற்றவர்கள். 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறது. மைதானத்தில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் நான்கு வயதுக்காரி கைகாட்டுவாள். அந்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்.

இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எங்கே இடித்தது, எங்கே பயந்தீர்கள், எங்கே மகள் நிற்காமல் ஓடினாள், என்ன நேரம். படமும் எடுங்கள், உங்கள் உயரத்திலிருந்து எடுக்காமல் அவள் உயரத்திலிருந்து. மைதானத்துக்கு வருகிற மற்றப் பெற்றோரிடம் அந்த நோட்டைக் கொடுத்து அவர்களையும் எழுதச் சொல்லுங்கள், பெயரோடு. பிறகு இரண்டு கேள்விகளை மனுவாக எழுதிக்கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு, அந்த மைதானத்திலேயே, ஏன் ஒரு கூட்டம் வைக்கக்கூடாது? அகலப்படுத்திய தெருவில் வண்டிகளின் வேகம் எவ்வளவு இருக்கும், அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறார்கள்? இரண்டாவதற்கு வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் ஏற்காதீர்கள். எழுத்தில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.