வலது கன்னத்துக்கு மட்டும் வயதாகுமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது, 27 வருடமாக லாரி ஓட்டுகிறார். முகத்தில் வலது பக்கம் மட்டும் தோல் தடித்து ஆழமாகச் சுருங்கியிருக்கிறது, இடது பக்கம் அவ்வளவு இல்லை. இது ஏதாவது நோயா டாக்டர்?

பதில்: வாய் கோணுவது, ஒரு கண்ணை மூட முடியாமல் போவது இதெல்லாம் திடீரென்று வந்திருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்றால் பெரும்பாலும் வெயில்தான்.

நம் ஊர் லாரியில் ஸ்டியரிங் வலது பக்கம், ஜன்னல் வெயிலும் வலது கன்னத்தில்தான் விழும். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது, அவருடைய இடது பாதி முகம் வலது பாதிக்கு அப்பா மாதிரி இருக்கும்!

புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்பது தோலைச் சுடும், கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யுவிஏ சுடாது, அதனால் தெரியாது, ஆனால் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து தோலின் உள் அடுக்கு வரை இறங்கும். தோலைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகளை உண்டாக்கும் செல்கள் இருப்பது அங்கேதான். வருடக்கணக்கில் அடிபட்டால் அவற்றில் சில பெருகுவதை நிறுத்திவிடும், சாகவும் சாகாது, சும்மாவும் இருக்காது, இருக்கிற கொலாஜனையும் வெட்டும் நொதிகளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் கயிறு தளர்ந்த கட்டில் கதைதான். வயதானால் எல்லோருக்கும் நடப்பதுதான் இது, வெயில் அதை முந்தி நடத்திவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் வெயில் அதிகம் படாத அவருடைய மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், அதுவும் 54 வயதுத் தோல்தானே.

சரி, என்ன செய்வது? சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், யுவிஏவையும் தடுப்பதாக இருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவரிடம் இது எவ்வளவு நடக்கும் என்று எனக்கும் தெரியும், அதனால் முழுக்கைச் சட்டையும் கன்னத்தை மறைத்துக் கட்டிய துண்டும்தான் என் முதல் சிபாரிசு. பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் சுருக்கத்தைக் கூட்டும். ட்ரெட்டினாயின் க்ரீம் மெல்லிய சுருக்கங்களைச் சில மாதங்களில் ஓரளவு குறைக்கும், டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம். கடையில் எடுத்துக் கொடுக்கும் சிவப்பழகு க்ரீம் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோல் இன்னும் மெலிந்துபோகும்.

அந்தப் பக்கத்தில் ஆறாத புண்ணோ, வளர்கிற மச்சமோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.