சைக்காலஜி பிஎச்டிக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வரும்வரை எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்? பிப்ரவரி முடிந்தும் பதில் இல்லையென்றால் என்ன அர்த்தம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சைக்காலஜி பிஎச்டிக்குப் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டித்தான் கடைசித் தேதி. ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல், அது முடிந்து சில வாரங்களில் முதல் சுற்று ஆஃபர். பிப்ரவரி முடிந்தும் நேர்காணலுக்கே கூப்பிடவில்லையென்றால் அந்த இடம் அநேகமாக இல்லை. மறுப்பு மெயில் மட்டும் சாவகாசமாக மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வந்து சேரும். நேர்காணல் முடிந்தபிறகு மௌனம் என்றால் அது வேறு கதை, வெயிட்லிஸ்டில் இருக்கலாம். அந்தக் கதையை நான் ஒருமுறை ஏப்ரல் 15 வரை அனுபவித்திருக்கிறேன்.

நான் ரங்கூன்காரி. 2020 டிசம்பரில் ஒன்பது இடங்களுக்குப் போட்டேன். கொரோனாவால் அந்த வருஷம் நிறைய துறைகள் ஜிஆர்ஈ நுழைவுத்தேர்வு வேண்டாம் என்று சொல்லியிருந்தன, அந்தத் துணிச்சல்தான். ஒரு விண்ணப்பத்துக்கு 80 டாலர் என்றால் அப்போது ஒரு லட்சம் கியாட்டுக்கு மேல். அப்பா எதுவும் சொல்லாமல் கொடுத்தார், அதுவே பெரிய பாரம். ஒன்பதில் ஏழு கிளினிக்கல், அதாவது மனநோய்க்குச் சிகிச்சை தருவது பற்றிய பிரிவு. சைக்காலஜி என்றால் கிளினிக்கல்தான் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. வீட்டில் கேட்கவே வேண்டாம், அப்பாயி "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற, ஊசி போட விடுவாங்களா?" என்று கேட்டார். ஒரு கிளினிக்கல் துறைக்குச் சில நூறு பேர் விண்ணப்பித்து ஏழெட்டுப் பேரை எடுப்பார்கள் என்று படித்திருந்தேன். அந்த ஏழெட்டில் நான் இருப்பேன் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

முதல் அடி பெயரில் விழுந்தது. என் பதிவு அட்டையிலும் சான்றிதழ்களிலும் இருப்பது பர்மியப் பெயர், மூன்று சொல், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வீட்டுத் தமிழ்ப் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. டோஃபல் ஆங்கிலத் தேர்வுப் படிவத்தில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகப் போட்டேன், ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் கடைசி இரண்டு சொல்லைப் போட்டுவிட்டேன். மதிப்பெண் என் கோப்போடு சேரவே இல்லை. மூன்று வாரம் 'முழுமையற்றது' என்று கிடந்ததை நான் கவனிக்கக்கூட இல்லை. பணம் கட்டியதோடு விண்ணப்பப் போர்ட்டலை மூடிவிட்டேன், அவ்வளவுதான். ஆகவே காத்திருக்கும் நாட்களில் உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரே வேலை, ஒவ்வொரு போர்ட்டலிலும் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது. இன்னொன்று, பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையுங்கள். இனிஷியல் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்பதில் ஒரே ஒரு நேர்காணல் வந்தது, கிளினிக்கல் அல்லாத இரண்டில் ஒன்றிலிருந்து, வளர்ச்சி உளவியல் பிரிவு. பிப்ரவரி 19, அவர்கள் நேரம் மதியம் 2 மணி. ரங்கூன் நேரத்தில் அது ராத்திரி ஒன்றரை. பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது, 15-ஆம் தேதியிலிருந்து தினமும் ராத்திரி 1 மணி முதல் காலை 9 வரை நாடு முழுக்க இன்டர்நெட் கிடையாது. இதை எப்படி மெயிலில் எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், அனுதாபம் தேடுவதுபோல் இருக்குமோ என்று கூச்சம். கடைசியில் நான்கு வரி எழுதினேன், ஒரு மணி நேரத்தில் காலை 9-க்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

காலை 9 என்றால் எங்களுக்கு ராத்திரி எட்டரை. அந்த நாட்களில் எட்டு மணி ஆனால் தெரு முழுக்கப் பாத்திரம் தட்டுவார்கள், அதுதான் எங்கள் எதிர்ப்பு. அம்மா பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார், நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எட்டேகாலுக்கு ஓய்ந்தது. பேராசிரியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது என் காது இன்னும் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. நேர்காணலில் பேசியதில் பாதி இப்போது நினைவில்லை, தாம்பாளச் சத்தம் இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் வெயிட்லிஸ்ட் என்று பதில். மார்ச் 15-க்குப் பிறகு மொபைல் டேட்டாவும் போய்விட்டது. மூன்றாம் மாடி அண்ணன் வீட்டில் ஃபைபர் இருந்தது, பாஸ்வேர்டு கொடுத்தார். சிக்னல் எங்கள் வீட்டுக்குள் வராது, இரண்டாவது மாடிப்படித் திருப்பத்தில் நின்றால் வரும். தினமும் காலை 8:50-க்கு அங்கே போய் நிற்பேன். ஒன்பது அடித்ததும் ராத்திரி முழுக்கத் தேங்கிக்கிடந்த மெயில்கள் மொத்தமாக விழும், துணிக்கடை விளம்பரம் உட்பட.

ஏப்ரல் 15 ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன: உதவித்தொகையோடு ஆஃபர் கொடுத்தால் ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. அதனால் மூன்று ஆஃபர் கிடைத்தவர் மூன்றையும் கடைசி நாள் வரை கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம், வெயிட்லிஸ்ட் அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் நகரும். அது அவர்கள் உரிமை, சரி. ஆனால் போகப்போவதில்லை என்று மார்ச்சிலேயே தெரிந்த இடத்தை ஏப்ரல் 15 வரை பிடித்து வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

14-ஆம் தேதி தமிழ் வருஷப் பிறப்பு, அம்மா பாயசம் வைத்துக் காளியம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டார். பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் நாட்கள், ஆனால் அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் தண்ணீர் ஊற்றி விளையாடவில்லை. 16 காலை மாடிப்படியில் நின்றேன், ஒன்றுமில்லை. நான்கு நாள் கழித்து மறுப்பு வந்தது. பேராசிரியர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: அவர் லேபில் அந்த வருஷம் ஒரே இடம்தான், முதலில் இருந்தவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அந்த ஒரு வரிதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. நாம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதாக நினைக்கிறோம், உண்மையில் ஒரு ஆளுக்கு விண்ணப்பிக்கிறோம். அந்த ஆளிடம் அந்த வருஷம் பணமும் இடமும் இருக்கிறதா என்பது நம் மதிப்பெண்ணில் இல்லை. அடுத்த முறை செப்டம்பரிலேயே பன்னிரண்டு பேராசிரியர்களுக்கு எழுதினேன், "அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா?" என்று மட்டும். எட்டுப் பேர் பதில் போட்டார்கள், அதில் மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்த மூன்று 'இல்லை'யும் எனக்கு மிச்சப்படுத்திய பணம். மீதி ஐந்து பேரிடம் மட்டும் விண்ணப்பித்தேன்.

எஸ்ஓபியும், அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் கட்டுரையும், மாறியது. முதல் வருஷம் "சிறு வயதிலிருந்தே மனித மனத்தின் மேல் ஆர்வம்" என்று ஆரம்பித்திருந்தேன், இப்போது படித்தால் கூசுகிறது. இரண்டாவது முறை, ஏழு வயதில் ஆஸ்பத்திரியில் அப்பாயியின் வயிற்றுவலியைத் தமிழிலிருந்து பர்மியத்துக்கு மாற்றி டாக்டரிடம் சொன்னதில் ஆரம்பித்தேன். பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பது பிள்ளைகளை என்ன செய்கிறது என்பது நிஜமாகவே ஓர் ஆய்வுத்துறை. அது தெரியாமலே நான் அதற்குள் வளர்ந்திருக்கிறேன். சிபாரிசுக் கடிதத்தில் ஒரு சிக்கல் வந்தது. என் சயாமா, அதாவது ஆசிரியை, வேலையை விட்டிருந்தார், கல்லூரி மெயில் முகவரி கிடையாது. அவர் ஜிமெயிலிலிருந்து அனுப்புவார் என்று முன்கூட்டியே எழுதிக் காரணம் சொன்னேன், ஓர் இடத்தில் மட்டும் அவர் யார் என்று காட்ட ஏதாவது கேட்டார்கள்.

2022 பிப்ரவரி கடைசியில் ஆஃபர் வந்தது, கட்டணம் கிடையாது, செலவுக்கு உதவித்தொகை உண்டு. கரண்ட் இல்லாத நேரம், போனில் 11 சதவீதம் சார்ஜ், இரண்டு முறை படித்துவிட்டு அணைத்துவிட்டேன்.

பர்மாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஜூன் 9 முதல் பர்மியக் குடிமக்களுக்கு அமெரிக்கா விசாவை நிறுத்தியிருக்கிறது, அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கனடா, ஆஸ்திரேலியா பக்கம் பாருங்கள். நான் இப்போது நான்காவது வருஷம். என் விசா தேதி முடிந்துவிட்டது, இங்கேயே இருந்து படிக்கலாம், ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அப்பாயி ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்கிறார், ஊசி போட விட்டார்களா என்று.